பேய் வந்ததும் ஏன் சிரிக்கிறார்கள்? மேடைப் பேய்க்கதையும் ஆடியன்ஸும்

கேள்வி: ஜூன் 3

பேய்க்கதை ஒன்றை மேடையேற்றுகிறோம். 300 பேர் உட்காரும் அரங்கு. ஒத்திகை பார்க்க வந்தவர்கள் பேய் வந்த இடத்தில் சிரித்துவிட்டார்கள். சினிமாவில் பயப்படுகிற அதே ஆட்கள்தான். மேடையில் பேய் எடுபடவே எடுபடாது என்பது என் கட்சி. லண்டனில் ஒரு பேய் நாடகம் முப்பது வருடத்துக்கு மேல் ஓடியதாம், கூட்டம் அலறுமாம். அது எப்படி?

ஜூன் 3, இரவு 9.40

சிரிப்பு எந்த நொடியில் வந்தது? அதைச் சொல்லாமல் எதையும் முடிவு செய்ய முடியாது. பேய் வருவதற்கு முன்பே சிரித்தால், வரப்போவது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பேய் வந்த அதே நொடியில் சிரித்தால், உடையோ ஒப்பனையோ வெளிச்சமோ கெட்டிருக்கிறது. வந்து இரண்டு மூன்று வினாடி கழித்துச் சிரித்தால் உங்கள் நாடகம் நன்றாகவே போகிறது. அடக்கிய மூச்சு வெளியே வருகிறது, அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை நிறுத்தப் பார்க்காதீர்கள்.

நீங்கள் சொல்லும் லண்டன் நாடகம் ‘த உமன் இன் பிளாக்’. சூசன் ஹில் 1983இல் எழுதிய நாவலை ஸ்டீபன் மாலட்ராட் நாடகமாக்கினார். ராபின் ஹெர்ஃபோர்ட் இயக்கினார். 1987 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊரில், ஸ்டீபன் ஜோசப் அரங்கத்தின் மதுக்கூடத்தில் சுமார் 70 பேர் முன்னால் முதலில் நடந்தது. 1989 ஜூனில் லண்டன் ஃபார்ச்சூன் அரங்குக்கு வந்து 2023 மார்ச் 4 வரை 13,232 காட்சிகள் ஓடியது. ஃபார்ச்சூனில் இருக்கை 432தான். உங்கள் அரங்கை விடக் கொஞ்சம் பெரிசு.

ஜூன் 3, இரவு 10.15

மேலே சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கையிருப்புப் பணம் குறைவு என்பதால் நடிகர்களைக் குறைத்து எழுதிய நாடகம் அது. கிப்ஸ் என்ற வயதான வழக்கறிஞர் தனக்கு நேர்ந்ததைக் குடும்பத்தாருக்குச் சொல்ல விரும்புகிறார். சொல்லக் கற்றுக்கொடுக்க ஓர் இளம் நடிகரை அமர்த்துகிறார். நடிகர் இளவயது கிப்ஸாக நடிக்க, கிப்ஸ் மற்ற எல்லாப் பாத்திரங்களாகவும் மாறுகிறார். இரண்டே பேர். மூன்றாவதாக வசனம் இல்லாத ஒரு பெண் உருவம். மேடையில் பெரிய பிரம்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதுவே மேசை, அதுவே ரயில் இருக்கை, அதுவே குதிரை வண்டி.

உங்கள் கட்சிக்கு நேர் பதில் இந்தப் பெட்டிதான். அதைக் குதிரை வண்டியாகப் பார்க்க ஒத்துக்கொண்ட கூட்டம், அடுத்து மேடையில் இல்லாத நாய் ஒன்றையும் பார்க்கிறது. நடிகர் வெறும் காற்றைத் தடவிக் கொடுக்கிறார், நாய் இருக்கிறது. இப்படி ஒரு மணி நேரம் இல்லாததைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பேய் காட்டுவது சுலபம். சினிமாவில் எல்லாவற்றையும் கேமரா காட்டிவிடுகிறது. மேடையில் பாதி வேலையைப் பார்ப்பவர் செய்கிறார். தானே செய்த பாதி என்பதால் அதிகம் பயப்படுகிறார்.

ஜூன் 4, காலை 7.20

“எங்கள் நாடகத்தில் முதல் காட்சியிலிருந்தே பயமுறுத்துகிறோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான். அந்த லண்டன் நாடகம் சிரிப்பில் தொடங்குகிறது. கிப்ஸ் தன் கதையை மளிகைப் பட்டியல் வாசிப்பதுபோல முணுமுணுவென்று வாசிக்கிறார். நடிகர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கூட்டம் சிரிக்கிறது. சிரிப்பை முதலிலேயே, நாடகத்தின் அனுமதியோடு வாங்கிவிடுகிறார்கள். பேய் வரும்போது சிரிக்க வேண்டிய கடன் யாருக்கும் மிச்சம் இருப்பதில்லை.

இன்னொன்று, இதைவிடக் கெட்டிக்காரத்தனம். ஒலிப்பதிவு என்ற உத்தியை நடிகர் கிப்ஸுக்கு மேடையிலேயே அறிமுகப்படுத்துகிறார். தெருவின் இரைச்சல் ஒலிநாடாவிலிருந்து வருகிறது, கிப்ஸ் வியக்கிறார். அதாவது “சத்தமெல்லாம் ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது” என்று ஆடியன்ஸுக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். பிறகு சதுப்பு நிலத்தில் குதிரை வண்டி மூழ்கும் சத்தம் அதே ஸ்பீக்கரிலிருந்து வரும்போது வயிறு கலங்குகிறது. உத்தி தெரிந்தால் பயம் போய்விடும் என்று நாம் நினைப்பது தப்பு.

ஜூன் 4, மாலை 6.05 (ஒலி)

கேட்ட விவரம். திடுக்கிட வைக்கும் சத்தத்துக்கு அளவை விட ஏறும் வேகம் முக்கியம். மௌனத்திலிருந்து உச்சத்துக்குப் பத்து மில்லி வினாடிக்குள் ஏற வேண்டும். மெல்லத் தொடங்கிப் பெருகும் அலறல் எத்தனை உரக்க இருந்தாலும் உடம்பு தூக்கிப் போடாது. ஆகவே பதிவின் தலைப்பக்கத்தை வெட்டுங்கள், ஃபேட்-இன் வேண்டாம். எம்பி3 கோப்பின் முன்னால் கொஞ்சம் வெற்று நேரம் ஒட்டிக்கொள்ளும், வேவ் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். புளூடூத் ஸ்பீக்கர் கூடவே கூடாது. பட்டனை அழுத்தியபின் சத்தம் தாமதமாக வரும், நடிகர் முதலில் துள்ளுவார், அலறல் பின்னால் வரும். உங்கள் ஒத்திகையில் சிரித்ததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

சத்தத்துக்கு முன் இருக்கும் மௌனம்தான் அதன் பலம். சாதாரணப் பேச்சு 60 டெசிபெல் அளவில் இருக்கும். அதிலிருந்து 95க்கு ஒரு வினாடி போனால் போதும். 100ஐத் தாண்டினால் பயம் போய்க் காதுவலி வரும், கோபம் வரும். மேடையோரம் ஒரே ஒரு பெரிய ஸ்பீக்கர் வைத்தால் முன்வரிசை காதைப் பொத்தும், பின்வரிசைக்கு ஏதோ பக்கத்து வீட்டில் நடப்பது போலிருக்கும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். அரங்குக்குள் சுவர் திருப்பித் தருவதால் அத்தனை இல்லை, ஆனாலும் வித்தியாசம் தெரியும். பின்பாதிக்கு இரண்டு சின்ன ஸ்பீக்கர் போடுங்கள். மேடையிலிருந்து 16 மீட்டர் தள்ளி இருந்தால் 47 மில்லி வினாடி தாமதம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஒரே அலறல் இரண்டாகக் கேட்கும், எதிரொலி என்று மூளை ஒதுக்கிவிடும்.

ஒரே அலறலை மூன்று தடவை போடாதீர்கள். இரண்டாவதில் பாதி, மூன்றாவதில் ஒன்றுமில்லை. திரும்பத் திரும்ப வர வேண்டியது வேறு வகைச் சத்தம்: மெல்லிய, ஒழுங்கான, எங்கிருந்து வருகிறதென்று புரியாத ஒன்று. அந்த லண்டன் நாடகத்தில் பூட்டிய கதவுக்குப் பின்னால் ‘டொக்… டொக்…’ என்று ஒரு சத்தம். அது ஆடும் நாற்காலி என்று தெரியவருவதற்குள் கூட்டம் முழுக்கக் காதாகிவிடுகிறது.

ஜூன் 5, காலை 6.50 (திருத்தம்)

நேற்று நள்ளிரவு இன்னொருவருக்குப் பதில் எழுதும்போது “இருட்டுதான் அடிப்படை, இருட்டில்லாமல் மேடைப் பேய் இல்லை” என்று அடித்துச் சொல்லிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அது சரியில்லை. ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கில் கூரை திறந்திருக்கும், நாடகம் பிற்பகலில் நடக்கும். ஹாம்லெட்டின் அப்பா பேயாக வந்தது பட்டப்பகல் வெயிலில், கவசம் போட்டுக்கொண்டு. பேய்க்காக விளக்கணைக்க அவர்களுக்கு வழியே இல்லை.

பிறகு எப்படி? நாடகத்தின் முதல் வரியே காவலாளி ஒருவன் “யாரங்கே” என்று கேட்பது. அதிலும் ஒரு நுட்பம்: காவலில் நிற்பவன் கேட்கவில்லை, மாற்ற வந்தவன் கேட்கிறான். ஒழுங்கு தலைகீழாகியிருக்கிறது. குளிர், நடுநிசி, நெஞ்சு சரியில்லை என்ற பேச்சு. எதையும் நம்பாத ஹொரேஷியோவை, ஹாம்லெட்டின் நண்பனை, சாட்சிக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். பேய் வந்ததும் அவனே வெளிறிப்போகிறான். ஆடியன்ஸ் பயத்தைக் கற்றுக்கொண்டது பேயைப் பார்த்து இல்லை, ஹொரேஷியோவைப் பார்த்து.

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்கிறோமே, அதில் வரிசையைக் கவனியுங்கள். அரள்வது முதலில். பேய் கடைசியில். பேய் நடிகரின் ஒப்பனைக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியையாவது பேயைப் பார்க்கும் நடிகருக்குச் செலவழியுங்கள்.

ஜூன் 5, காலை 7.30

அவர் எப்படிப் பார்க்க வேண்டும் என்று கேட்டீர்கள். கையைத் தூக்கி, வாயைப் பிளந்து, பின்னால் நகர்வது கூடாது. அது பயத்தின் கார்ட்டூன், சிரிப்பு வரும். செய்துகொண்டிருந்த வேலையை நடுவில் நிறுத்தட்டும். டம்ளரைப் பாதித் தூரம் தூக்கி அப்படியே. மூச்சு நிற்கட்டும். 300 பேரும் தங்களை அறியாமல் அவரோடு மூச்சை நிறுத்துவார்கள். பிறகு தலை மட்டும் மெதுவாகத் திரும்பலாம்.

ஜூன் 5, இரவு 11.10 (கண்ணும் வெளிச்சமும்)

இருட்டு அடிப்படை இல்லை என்றேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. இருக்கிற இருட்டைச் சரியாகப் பயன்படுத்தினால் நிறைய கிடைக்கும்.

வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். முதல் நான்கைந்து வினாடி ஏறக்குறைய குருடு. ஆகவே பேயை நிறுத்த வேண்டிய நேரத்துக்கு முன் மேடையின் முன்பகுதியைப் பளிச்சென்று வையுங்கள். ஒரு சாப்பாட்டுக் காட்சி, ஒரு கடிதம் வாசிப்பது. சட்டென்று அணையுங்கள். அந்த நான்கைந்து வினாடியில் பேய் தன் இடத்துக்கு வந்து நின்றுவிட வேண்டும். பேயாக நடிப்பவர் பக்கத்திரைக்குள் இருட்டிலேயே காத்திருக்க வேண்டும். அவர் கண் மட்டும் பழகியிருக்கும், தடுக்காமல் நடப்பார். மேடையில் இருந்த மற்றவர் அசையக் கூடாது, அவருக்கும் கண் தெரியாது.

சட்டென்று அணைக்க எல்இடி. பழைய ஹாலஜன் விளக்கின் இழை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் கனன்றுகொண்டிருக்கும். மெல்லக் குறைக்க ஹாலஜன்தான் நல்லது. விலை குறைந்த எல்இடி கடைசிப் பத்து சதவீதத்தில் படிப்படியாகத் துள்ளும், கண்ணில் குத்தும்.

அடுத்தது, எனக்கு மிகப் பிடித்தது. மங்கிய வெளிச்சத்தில் கண்ணின் நடுப்பகுதி சரியாக வேலை செய்யாது, ஓரம்தான் பார்க்கும். மங்கலான உருவத்தை நேராகப் பார்த்தால் மறையும், பார்வையை விலக்கினால் தெரியும். எனவே பேயை ஆடியன்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் வைக்காதீர்கள். கதை வலப்பக்கம் நடக்கட்டும், பேய் இடப்பக்கம் பின்னால், சும்மா நிற்கட்டும். இசை வேண்டாம், ஒரு நடிகரும் அதைக் கவனிக்க வேண்டாம். பத்து பேர் பார்ப்பார்கள். “அங்க பாத்தியா?” என்று பக்கத்து இருக்கையை இடிப்பார்கள். அவர் திரும்பும்போது போய்விட்டிருக்க வேண்டும். அலறலை விட அந்தக் கிசுகிசுப்பு பெரிய வெற்றி. இடைவேளையில் பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் வாக்குவாதம் நடந்தால் இரண்டாம் பாதி உங்கள் கையில்.

மங்கலில் சிவப்பு கறுப்பாகிவிடும், நீலம் தூக்கலாகத் தெரியும். பேயின் முகத்தில் சிவப்பு விளக்கடிப்பது வழக்கம்; குறைந்த அளவில் அது முகத்தையே விழுங்கிவிடும். இளநீலம் போதும்.

ஜூன் 6, மதியம் 1.00

வலைத்திரை பற்றி. முன்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் சுவர்போல் நிற்கும், பின்னால் இருப்பதன்மேல் விழுந்தால் கரைந்துபோகும். லண்டன் நாடகத்தில் பின்மேடை முழுவதும் இதற்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தது. கொசுவலைத் துணி சரிவராது: கண்ணி பெரிசு, முன்வெளிச்சம் உள்ளே கசியும். இரண்டு மடிப்பாகப் போட்டால் அலை அலையாக ஒரு கோலம் தெரியும். இதற்கென்று ஏணிப்படி போன்ற நெசவில் துணி கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கீழ்விளிம்பில் குழாய் செருகி விறைப்பாக இழுக்க வேண்டும், சுருக்கம் இருந்தால் துணி என்று காட்டிக்கொடுத்துவிடும். முன்விளக்கு செங்குத்தாக மேலிருந்து விழட்டும், நேராக அடித்தால் துளை வழியே பின்னால் போகும். பேய் திரையிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கட்டும். அதன்மேல் விழும் வெளிச்சம் திரையின் பின்பக்கத்தில் படக் கூடாது. பட்டால் எல்லாம் பால்போல் வெளிறும்.

உடைக்குக் கறுப்பு பாலியஸ்டர் வேண்டாம், மினுங்கும். பருத்தி வெல்வெட். செருப்பின் அடியில் ஃபெல்ட் ஒட்டுங்கள். முழங்காலைச் சற்று மடக்கி, பாதத்தைத் தரையோடு இழைத்து நடக்கப் பழகட்டும். தலை ஏறி இறங்காமல் நகர்ந்தாலே பாதி மனிதத்தன்மை போய்விடும்.

ஜூன் 6, மதியம் 1.25

புகை? மெஷினின் ‘உஸ்ஸ்’ சத்தம் “பேய் வருது பராக்” என்று கட்டியம் கூறிவிடும். மௌனக் காட்சியில் கூடாது. உலர்பனி, அதாவது உறைந்த கரியமில வாயு, மைனஸ் 78 டிகிரி, வெறுங்கையால் தொட்டால் தோல் போகும். வெந்நீரில் போட்டால் வரும் வெண்புகை தரையோடு ஓடி முன்வரிசைக் காலடியில் இறங்கும். அதோடு சேர்ந்து வரும் கரியமில வாயு பள்ளத்தில் தேங்கும், மூச்சு முட்டும். மூடிய சின்ன அரங்கில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஜூன் 7, இரவு 8.30

ஒருவர் மிக நல்ல மறுப்பு எழுதியிருக்கிறார்: வருவது தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்கிறேனே, ஜப்பானிய மரபு நாடகமான கபுகியில் பேய் வருவதை மத்தளம் அடித்தே சொல்கிறார்களே என்று. ஒத்துக்கொள்கிறேன். முதல் குறிப்பில் “தெரிந்துவிட்டது” என்று நான் எழுதியது குறைபட்டது.

அங்கே பெரிய முரசை நீண்ட குச்சிகளால் மெல்ல, விடாமல் தட்டுவார்கள்: ‘தோரோ தோரோ தோரோ’. மெலிதாக இருந்தால் ‘உசுதோரோ’. கூடவே புல்லாங்குழல் நெளியும். பார்ப்பவர் அத்தனை பேருக்கும் அர்த்தம் தெரியும். 1825இல் எடோ நகரின் (இன்றைய டோக்கியோ) நாகமுரா அரங்கில் அரங்கேறிய ‘யோத்ஸுயா காய்தான்’ என்ற பேய் நாடகம் இன்றும் கோடையில் போடப்படுகிறது. ஓஇவா என்ற பெண்ணுக்கு மருந்தென்று விஷம் வருகிறது. முகம் வீங்கிக் கோணுகிறது. அவளுக்குத் தெரியாது, ஆடியன்ஸுக்குத் தெரியும். கண்ணாடி கைக்கு வருகிறது. பிறகு தலை சீவ உட்காருகிறாள். சீவச் சீவ முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வருகிறது. மிக நிதானமான காட்சி, அவள் இன்னும் பேய்கூட ஆகவில்லை. யாரும் திடுக்கிடுவதில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்று மெதுவாக நடக்கிறது, கண்ணை எடுக்க முடியவில்லை.

ஆக இரண்டு வேறு உணர்ச்சிகள். ஒன்று திடுக்கிடல், அதற்கு ரகசியம் வேண்டும். மற்றது கிலி, அதற்கு முன்னறிவு வேண்டும். உங்கள் நாடகத்தில் எந்த இடத்தில் எது என்று பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவிடுங்கள். இரண்டையும் ஒரே இடத்தில் கேட்டால்தான் சிரிப்பு வருகிறது.

அதே நாடகத்தில் ஆற்றில் மிதந்து வரும் கதவுப்பலகை ஒன்று. ஒருபக்கம் ஓஇவாவின் பிணம், திருப்பினால் கொல்லப்பட்ட வேலைக்காரன் கோஹெய். இரண்டும் ஒரே நடிகர். உடைகள் பலகையோடு பொருத்தியிருக்கும், தலை நுழைய ஓட்டை. தலையலங்காரத்தை மட்டும் சில வினாடியில் மாற்றிக்கொள்கிறார். அங்கே கூட்டம் பயமும் பாராட்டும் சேர்ந்து ஆர்ப்பரிக்கும்.

ஜூன் 7, இரவு 9.00

கண்ணாடி வைத்துப் பேய் காட்டலாமா என்றவருக்கு: 1862 டிசம்பர் 24 அன்று லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் செய்து காட்டியது அதுதான். மூல யோசனை ஹென்றி டர்க்ஸ் என்பவருடையது. மேடை முன் சாய்ந்த, ஊடே பார்க்கக்கூடிய பெரிய கண்ணாடித் தகடு, கீழே பள்ளத்தில் பலமான வெளிச்சத்தில் நடிகர், கண்ணாடியில் அவர் பிம்பம். மேடைமேல் இருப்பவருக்கு அந்தப் பேய் தெரியாது. தரைக்குறியை நம்பி வெறுமையில் வாள் வீச வேண்டும். அரை அடி தப்பினாலும் கூட்டம் சிரிக்கும். அதோடு மேடை நடிகரின் குரலைக் கண்ணாடி தடுக்கும். 300 பேர் அரங்குக்கு வலைத்திரையே மேல்.

ஜூன் 9, காலை 7.10

பள்ளி மாணவர்களுக்கு ஒரு காட்சி என்று எழுதியிருக்கிறீர்கள். லண்டன் ஃபார்ச்சூன் அரங்குக்கும் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்கள் விளக்கணைந்ததுமே கத்துவார்கள், பேய்க்காகக் காத்திருக்க மாட்டார்கள். எதிர்த்துப் போராட வேண்டாம். முதல் இருபது நிமிடத்துக்குள் ஒரு பொய்த் திடுக்கிடல் கொடுத்துவிடுங்கள். ஜன்னல் அடித்துக்கொள்வது போதும். கத்தி, சிரித்து, ஒருவரையொருவர் “உஷ்” சொல்லி அடங்குவார்கள். அந்த “உஷ்” உங்களுக்கு உதவி.

நடிகர்களுக்கு ஒரு விதி: அலறல் எழுந்தபின் பேசாதே. முதலில் அலறல் அடங்கும், பிறகு சிரிப்பு, பிறகு சலசலப்பு. சலசலப்பு பாதியாகக் குறையும்போது வசனத்தைத் தொடங்கு. அந்த முதல் வசனத்தில் கதைக்குத் தேவையான பெயரோ தேதியோ இருக்கவே கூடாது. “யார்… யாரது” மாதிரி, கேட்காவிட்டாலும் நஷ்டமில்லாத வரி. உங்கள் பிரதியில் பேய் வந்த அடுத்த வரியிலேயே அவள் எப்படிச் செத்தாள் என்று வருகிறதாமே. நான்கு வரி தள்ளிவையுங்கள்.

மின்னல்போல் விட்டுவிட்டு எரியும் விளக்கு இருந்தால் வாசலில் அறிவிப்பு எழுதி வையுங்கள். வலிப்பு வரக்கூடியவர்களுக்கு அது ஆபத்து.

ஜூன் 10, இரவு 10.45

கடைசியாகக் கேட்டது: முடிந்ததும் எல்லோரையும் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவார்கள், பேயாக நடித்த பெண்ணும் வர வேண்டுமா?

வர வேண்டும், உழைத்திருக்கிறார். ஆனால் அந்த உடையில் வேண்டாம். ஒப்பனையைக் கலைக்கப் பத்து நிமிடம் ஆகும் என்றால் பாராட்டு வரிசையில் அவரைக் கடைசியாக வையுங்கள். முகம் கழுவி, சொந்தப் புடவையில், பெயர் சொல்லி அழைக்கப்பட்டு வரட்டும். கறுப்பு உடையும் வெள்ளை முகமுமாக நின்று சால்வை வாங்கினால் பேருந்து நிறுத்தம் வரை கூடப் போயிருக்க வேண்டிய பேய் அங்கேயே இறங்கிவிடும். வெளியே போகும் வழியின் விளக்குகளையும் உடனே முழுசாகப் போடாதீர்கள், பாதி போதும். படி தெரிந்தால் சரி.